நாளைக்கு வரப்போகிறவர்களுக்கும் இடம் விட்டவர்



வருடா வருடம் செப்டம்பர் 15-ஆம் தேதி பொறியாளர் தினம் என்று ஒரு படத்துக்கு மாலை போடுகிறோம். மைசூர்த் தலைப்பாகை, ஒல்லியான முகம், கசங்காத கோட்டு. மேடையில் யாராவது ஒருவர் இரண்டு மெழுகுவர்த்திக் கதையைச் சொல்வார். சர்க்கார் வேலைக்கு சர்க்கார் மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்குச் சொந்த மெழுகுவர்த்தி. கைதட்டுவோம். டீ, மிக்சர் வரும். கூட்டம் கலைந்துவிடும்.

சர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா நேர்மையானவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நேர்மையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அவருடைய தொழிலை நாம் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். ஓர் ஊர் நாளைக்கு எவ்வளவு பெரிசாகும், அங்கே எவ்வளவு மழை கொட்டும், ஆறு எதுவரைக்கும் ஏறும் என்பதை இன்றைக்கே கணக்குப் போட்டு, அதற்கு இடம் ஒதுக்கி வைக்கும் வேலையை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார். அந்தக் கோணத்தில் அவருடைய வாழ்க்கையைச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முத்தேனஹள்ளியிலிருந்து பூனா வரை

1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ல், சிக்பள்ளாப்பூருக்குப் பக்கத்தில் முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தார். முன்னோர்கள் இப்போதைய ஆந்திரத்தில் இருக்கும் மோட்சகுண்டத்திலிருந்து வந்தவர்கள். அதுதான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தந்தை சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருத பண்டிதர். வசதியான குடும்பம் இல்லை. பையன் சின்ன வயதாக இருக்கும்போதே தந்தை காலமாகிவிட்டார். பெங்களூரில் தாய்மாமன் ஆதரவில், பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்துப் படித்தார்.

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே 1881-ல் அவர் வாங்கிய பி.ஏ. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம். அதன்பிறகு மைசூர் அரசின் உதவித்தொகையில் பூனா அறிவியல் கல்லூரியில் பொறியியல் படித்தார். 1883 தேர்வில் முதலிடம். 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது. சுமார் 24 வருடம் அந்தத் துறையில்தான் இருந்தார். சிந்து நதிக்கரையில் இருக்கும் சக்கர் நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம், ஏடன் துறைமுக நகருக்குத் தண்ணீர், சாக்கடை பற்றிய ஆய்வு என்று அலைந்து திரிந்து வேலை கற்றுக்கொண்டார்.

கடக்வாஸ்லா சொல்லும் பாடம்

பூனாவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா அணை. ஊருக்கும் பாசனத்துக்கும் தண்ணீர்த் தேவை ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உபரி நீர் கலிங்கு மேல் வழிந்து வீணாக ஓடியது. அணையை உயர்த்திக் கட்டினால் பெருஞ்செலவு. அந்தப் பழைய சுவர் அதைத் தாங்குமா என்ற பயம் வேறு.

விஸ்வேஸ்வரய்யா கலிங்கு மேல் தானியங்கிக் கதவுகளை வைத்தார். நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரம் வரும்வரை கதவு மூடியே இருக்கும். அதைத் தாண்டினால் தானே திறந்து வெள்ளத்தை வெளியே விடும். மட்டம் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். 1903-ல் பொருத்தப்பட்ட இந்த ஏற்பாட்டால் சுமார் 8 அடி கூடுதலாகத் தண்ணீர் தேக்க முடிந்தது. கொள்ளளவு ஏறக்குறைய கால் பங்கு கூடியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாளைய தேவைக்காகத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற அதே கதவு, நாளைய ஆபத்து வந்தால் விலகி வழி விடுகிறது. வளர்ச்சிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கு. இந்த மூளையைத்தான் பிறகு ஹைதராபாத் தேடிப் போனது.

1908: மூசி நதி ஊருக்குள் வந்தது

ஹைதராபாத் நகரத்தின் நடுவே ஓடுவது மூசி. அனந்தகிரி மலையில் பிறந்து வருகிறது. நகரத்துக்குச் சற்று மேலே ஈசி என்ற இன்னொரு ஆறு அதில் கலக்கிறது. 1908 செப்டம்பர் 28-ஆம் தேதி இந்த ஆறு ஊருக்குள் புகுந்தது. நகரத்தின் பாலங்களில் குதுப் ஷாஹி காலத்துப் புரானா புல் மட்டுமே மிஞ்சியது. சுமார் 15,000 பேர் மடிந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்சல்கஞ்ச் பக்கம் ஒரு புளியமரத்தின் மேல் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த மரத்தை ஹைதராபாத் மக்கள் இன்றும் காட்டுகிறார்கள்.

அப்போது விஸ்வேஸ்வரய்யா பம்பாய் வேலையை விட்டுவிட்டு ஐரோப்பியப் பயணத்தில் இருந்தார். நிஜாம் அரசு கூப்பிட்டது. 1909 ஏப்ரலில் வந்து சேர்ந்தார்.

வந்தவுடன் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. முதலில் மேலே போய்ப் பார்த்தார், எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் வந்தது என்று. ஷம்சாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலம் மழை. நகரத்துக்கு மேலே நீர்ப்பிடிப்புப் பரப்பு 862 சதுர மைல். அதில் சிறிதும் பெரிதுமாக 788 ஏரிகள். கிட்டத்தட்ட மைலுக்கு ஒன்று. அவற்றில் 221 ஏரிகள் உடைந்திருந்தன.

ஏரிச் சங்கிலி என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? மேல் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த ஏரியில் வந்து விழும். அந்தக் கலிங்கு மழைநீருக்காகக் கட்டியது. உடைப்பு நீரை அது தாங்காது. கரை போகும். அடுத்தது, அதற்கடுத்தது... கடைசியில் எல்லாம் ஒன்றுசேர்ந்து நகரத்துக்குள் வந்து நிற்கும். அன்றைய உச்ச வெள்ளம் விநாடிக்கு 4 லட்சத்து 25 ஆயிரம் கன அடி என்று மதிப்பிடப்பட்டது.

சாதாரண ஆள் என்ன செய்வார்? இதுதான் பெரிய வெள்ளம், இதற்கு ஒரு சுவர் கட்டிவிடலாம் என்பார். விஸ்வேஸ்வரய்யா அப்படி நினைக்கவில்லை. அந்தப் பகுதியில் மழைமானிகள் குறைவு. இருக்கிற கொஞ்ச வருடக் கணக்கை நம்பி, வானம் இதற்கு மேல் கொட்டாது என்று எப்படிச் சொல்வது? வேறு பகுதிகளில் பெய்த பெருமழைகளின் அளவையும் எடுத்துவைத்து ஒப்பிட்டார். நேற்று வந்தது இவ்வளவு என்றால், நாளை வரக்கூடியது அதைவிட அதிகம் என்று வைத்துக்கொண்டுதான் யோசித்தார்.

அவர் கொடுத்த திட்டத்தின் சாரம் இதுதான். நகரத்துக்குச் சில மைல் மேலே, மூசிக்குக் குறுக்கே ஒன்று, ஈசிக்குக் குறுக்கே ஒன்று என இரண்டு வெள்ளத் தேக்கங்கள். வெள்ளம் வந்தால் அங்கே தங்கும். கரை தாங்குகிற அளவு மட்டும் கீழே விடப்படும். நகரத்துக்குள் ஆற்றங்கரையை உயர்த்தி, கரையோரத்தில் பூங்காவும் சாலையும். அதாவது வெள்ளம் முதலில் தொடும் இடத்தில் குடிசை இருக்கக் கூடாது, புல்தரை இருக்கட்டும். கூடவே நகரத்துக்கு முறையான பாதாளச் சாக்கடை.

அறிக்கையைக் கொடுத்துவிட்டு 1909 நவம்பரில் மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார். 1912-ல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. மூசி மேல் உஸ்மான் சாகர் 1920-ல் முடிந்தது. ஈசி மேல் ஹிமாயத் சாகர் 1927-ல் முடிந்தது. நிஜாம் அரசின் பொறியாளர்கள், முக்கியமாக நவாப் அலி நவாஸ் ஜங் போன்றவர்கள், உழைத்து முடித்த வேலை அது. அந்தப் பங்கையும் மறக்கக் கூடாது.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

நாம் எல்லோரும் குடிநீர்ப் பாடத்தில் மக்கள்தொகை முன்கணிப்பு படித்தோம். அரித்மெட்டிக் இன்கிரீஸ், ஜியோமெட்ரிக் இன்கிரீஸ், இன்கிரிமென்டல் இன்கிரீஸ். சூத்திரத்தில் நம்பரைப் போட்டு, 30 வருட டிசைன் பீரியட் என்று எழுதி, ஐந்து மார்க் வாங்கினோம். அந்தக் கணக்கை ஹைதராபாத்துக்குப் போட்டுப் பாருங்க.

1901 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 4 லட்சத்து 48 ஆயிரம். 1911-ல் சுமார் 5 லட்சம். பத்து வருடத்துக்கு 52 ஆயிரம் கூடுகிறது. கூட்டல் முறையில் போனால் 1951-ல் சுமார் 7 லட்சத்து 8 ஆயிரம். பெருக்கல் முறையில் போனால் சுமார் 7 லட்சத்து 77 ஆயிரம்.

சரி, உண்மையில் என்ன நடந்தது? பிளேக் வந்தது, 1918-ல் விஷக் காய்ச்சல் வந்தது. 1921-ல் மக்கள்தொகை 4 லட்சத்து 4 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. அன்றைக்கு ஒருத்தர் பேனாவை எடுத்து 1911-க்கும் 1921-க்கும் ஒரு கோடு இழுத்திருந்தால், 1960-களில் ஹைதராபாத்தே காலி என்று விடை வந்திருக்கும்! ஆனால் 1941-ல் 7 லட்சத்து 39 ஆயிரம். 1951-ல் 10 லட்சத்து 85 ஆயிரம். 2011-ல் விரிந்த மாநகராட்சி எல்லைக்குள் 65 லட்சத்துக்கும் மேல்.

எந்தச் சூத்திரமும் இதைப் பிடித்திருக்காது. அப்படியானால் முன்கணிப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் விடை தப்பாகப் போகும் என்று தெரிந்துகொண்டே போட வேண்டும். தப்பினாலும் ஆள் சாகாதபடி இடம் விட வேண்டும். அணையில் ஃப்ரீபோர்டு விடுகிறோமே, அதே புத்திதான். வெள்ளம் தங்க ஒரு காலித் தேக்கம், ஆறு விரிய ஒரு கரைவெளி. ஊர் 7 லட்சம் ஆனாலும் 70 லட்சம் ஆனாலும் அந்த வெளிக்கு வேலை உண்டு.

விட்ட இடம் இருந்ததா?

இங்கேதான் கதையில் சிக்கல். வெள்ளத் தேக்கம் என்றால் காலியாக இருக்க வேண்டும். குடிநீர்த் தேக்கம் என்றால் நிரம்பியிருக்க வேண்டும். வளர்ந்துகொண்டே போன நகரத்துக்கு இந்த இரண்டு ஏரிகளும் குடிநீர் கொடுத்தன. வெயில் காலத்தை நினைத்தால் நிரப்பு என்று தோன்றும், மழைக் காலத்தை நினைத்தால் காலி செய் என்று தோன்றும். எந்தப் பொறியாளருக்கும் இது தலைவலிதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தை வைத்து நாமும் இதே கேள்வியைக் கேட்டோம்.

அடுத்தது நிலம். ஊர் பெருகும்போது பழைய ஏரிகளின் உள்வாயிலும் ஓடைகளிலும் லேஅவுட் போட்டார்கள். அன்றைய 788 ஏரிகள் ஆபத்தாகவும் இருந்தன, ஆனால் மழையைத் தாங்கிப் பிடிக்கவும் செய்தன. அவை சுருங்கச் சுருங்க, நேற்று குளத்துக்குப் போன தண்ணீர் இன்று தெருவுக்கு வந்தது. 2000 ஆகஸ்டில் ஒரு பெருவெள்ளம். 2020 அக்டோபரில் இன்னொன்று. அப்போது நகரத்துக்குள்ளேயே ஏரிகள் உடைந்து குடியிருப்புகளுக்குள் பாய்ந்தன. 1908-ல் மூசி கற்றுக் கொடுத்த அதே பாடம்.

உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் இரண்டையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குக் கட்டடக் கட்டுப்பாடு விதித்து 1996-ல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு 111-ஆம் எண் அரசாணையைப் போட்டது. 84 கிராமங்கள் அதற்குள் வந்தன. 2022-ல் தெலங்கானா அரசு அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கும் ஆணையைக் கொண்டுவந்தது. அந்தக் கிராமத்துக்காரர்களுக்கு அவர்கள் நியாயம் இருக்கிறது. பக்கத்து ஊரில் நிலம் கோடிக்கணக்கில் போகும்போது, கீழே இருக்கும் நகரத்துக்காக எங்கள் நிலம் மட்டும் ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இடம் விடுவது என்றால் அந்த இடத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அந்த விலையை யார் தருவது என்று பேசி முடிக்காமல் வரைபடத்தில் பச்சை வர்ணம் மட்டும் பூசினால், பச்சை நிற்காது.

கண்ணம்பாடியும் நாமும்

மைசூருக்குப் போன கதைக்கு வருவோம். 1911-ல் கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை ஆரம்பித்தது. மைசூர் கேட்டது 41.5 டி.எம்.சி. கொள்ளளவு. கீழே இருக்கும் சென்னை மாகாணம் எதிர்ப்பு தெரிவித்தது. முதல் கட்டமாக 11 டி.எம்.சி.க்குத்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் விஸ்வேஸ்வரய்யா அடித்தளத்தை முழு உயர அணைக்கு ஏற்ற அகலத்திலேயே போட்டார். நாளைக்கு அனுமதி கிடைத்தால் சுவரை உயர்த்தினால் போதும்.

மைசூர்க்காரருக்கு இது தீர்க்கதரிசனம். தஞ்சாவூர்க்காரருக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்த விஷயம். 1914-ல் நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு என்று இழுத்து, 1924 ஒப்பந்தத்தில்தான் முடிந்தது. கிருஷ்ணராஜ சாகருக்கு 44.827 டி.எம்.சி., நம்ம மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை என்பது நமக்குத் தெரிந்த கதை. ஒருவர் தன் ஊரின் வளர்ச்சிக்கு இடம் ஒதுக்கும்போது, அது இன்னொருவர் ஊரின் பங்கிலிருந்து வரலாம். முன்கணிப்பு வெறும் கணக்கு மட்டும் இல்லை என்பதற்கு நம் வயல்களே சாட்சி.

1912 முதல் 1918 வரை மைசூரின் திவான். 1913-ல் மைசூர் வங்கி, 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம், 1917-ல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி எல்லாம் இந்தக் காலத்தில் வந்தவை. குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. அரசு வேலைகளில் பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் ஒதுக்க மகாராஜா எடுத்த முயற்சியில் அவருக்கு உடன்பாடில்லை. அவர் பதவி விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஊருக்குள் நாளை வரப்போகிற ஜனங்களுக்கு இடம் விடத் தெரிந்தவர், அலுவலகத்துக்குள் இடம் கேட்டு நின்றவர்கள் விஷயத்தில் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

பெங்களூர் தாகம்

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பாலக்காட்டுக்காரரான திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1890-களில் வந்தது பெங்களூரின் ஹெசரகட்டா குடிநீர்த் திட்டம். இரண்டரை லட்சம் பேருக்கு என்று போட்ட திட்டம். 1925 வாக்கில் அந்த ஏரி வறண்டுவிட்டது. விஸ்வேஸ்வரய்யா தலைமையில் குழு போட்டார்கள். அதன் பரிந்துரைப்படி அர்க்காவதி ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் 1933-ல் வந்தது.

அதுவும் போதவில்லை. 1931-ல் சுமார் 3 லட்சமாக இருந்த பெங்களூர் 1951-ல் 7 லட்சத்து 75 ஆயிரத்தைத் தாண்டியது. 1974-ல் காவிரியிலிருந்து பம்ப் செய்ய வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய மேதை போட்ட திட்டமே இருபது வருடத்தில் குட்டையாகிவிட்டது என்றால், நாம் போடும் கணக்கை எவ்வளவு அடக்கத்தோடு போட வேண்டும்!

1955-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 1962 ஏப்ரலில், நூறு வயதைத் தாண்டி, பெங்களூரில் காலமானார். முத்தேனஹள்ளியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற நண்பர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்னும் சில வருடத்தில் உங்களில் சிலர் லேஅவுட் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருவீர்கள். பக்கத்தில் ஓர் ஓடை இருக்கும். பத்து வருடமாக அதில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். மேலே எத்தனை ஏரி இருக்கிறது, அவை உடைந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும், இருபது வருடம் கழித்து இங்கே எத்தனை குடும்பம் இருக்கும் என்று அப்போது கேளுங்கள். விடை சரியாகத் தெரியாவிட்டால் கூடுதலாக நாலு அடி விட்டுக் கோடு போடுங்கள். அந்த நாலு அடிக்காக உங்களுக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் ஒரு மழை ராத்திரியில், உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒரு குடும்பம் அந்த இடத்தில் நிம்மதியாகத் தூங்கும்.